யார் வீட்டு இலை

பசியைப் பற்றி எழுதினால் நம் வட்டத்தில் மரியாதை உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பற்றி எழுதுவது அற்பம் என்று கருதப்படுகிறது; அது வாரப் பத்திரிகைக்காரர்கள் வேலை. நான் எழுதப் போவது வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பற்றித்தான். அதுவும் பிறர் செலவில், செட்டிநாட்டு மாளிகை ஒன்றில், இரண்டு பகல், ஓர் இரவு.

என்னோடு பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நண்பன் (அவன் பிழைத்துக்கொண்டான்) பத்து வருஷ வெளிநாட்டு வாசத்துக்குப் பிறகு மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்திருந்தான். நான் வேலை பார்க்கும் கிளை காரைக்குடிக்குப் பக்கத்தில். மாளிகை ஹோட்டலில் தனக்கு ஓர் அறையும் எனக்கு ஓர் அறையும் எடுத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னான். "நீ என் கெஸ்ட்டுடா" என்றான். இந்த வாக்கியத்தை நான் அப்போது யோசிக்கவில்லை. அவன் அந்த ஹோட்டலுக்கு விருந்தாளி. நான் அவனுக்கு விருந்தாளி. அப்படியானால் வீட்டுக்காரர் யார்? பணம் கொடுத்த நண்பனா, இலை போட்ட ஆளா, இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஸ்தாபனமா, ரங்கூனில் சம்பாதித்து இதைக் கட்டிவிட்டுப் புகைப்படமாகச் சுவரில் உட்கார்ந்திருக்கும் மனிதரா? இலையின் முன் உட்கார்ந்த பிறகுதான் இது ஒரு கேள்வியாக எனக்கு உறைத்தது. உறைக்கக் காரணம், நான் அங்கே ஒரு பொய் சொன்னேன்.

இடத்தின் பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவை இன்று பல. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனால் பூட்டிக் கிடந்த வீடுகளை விடுதிகளாக மாற்றும் காரியம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. பர்மாத் தேக்கில் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரின் குளிர்ச்சி. இவற்றையெல்லாம் சுற்றுலா வெளியீடுகள் போதுமான அளவு வர்ணித்தாகிவிட்டது. அவை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக் கணக்குப்படி ஆனவை. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. அவனுக்கு ஓர் அறை. பிறகு அவனை "வேறு வைப்பார்கள்". ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு; வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவது. தகப்பன் வீட்டிலேயே தன் சோற்றுக்குத் தனிக் கணக்கு. எனக்குக் கொடுத்த அறை, அப்படிப்பட்ட இரண்டு அறைகளை ஒன்றாக்கியது என்றார்கள். இரண்டு புள்ளிகள் சேர்த்துப் புழங்கிய இடத்தில் குளிர்சாதனத்தோடு ஒற்றை ஆளாகப் படுத்திருந்தேன்.

இரவுச் சாப்பாடு நீளக் கூடத்தில். முன்பு கல்யாணப் பந்தி நடந்த இடம். இப்போது மேஜை போட்டு, மேஜை மேல் இலை. வெள்ளைப் பணியாரம், வெண்டைக்காய் மண்டி, நண்டு ரசம், கோழிக் குழம்பு, கடைசியில் கவுனி அரிசி. உண்மையாகவே நன்றாக இருந்தது. இதைச் சொல்லாமல் தத்துவத்துக்குப் போவது அயோக்கியத்தனம். கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்ததென்பார்கள். அந்தக் கறுப்பரிசியைச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு என் ஆத்தாளும் செய்வாள், வருஷத்துக்கு ஒருமுறை. அன்றிரவு சாப்பிட்டது அதைவிட நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குச் சற்று வருத்தமுண்டு.

பரிமாறியவருக்கு என் அப்பா வயது இருக்கும். எல்லோரையும் "சார்", "மேடம்" என்று அழைக்கப் பழக்கப்பட்டிருந்தார். இரண்டாம் தடவை கோழிக் குழம்போடு வந்தபோது நான் கையை இலைக்கு மேல் நீட்டி "போதுமுங்க" என்றேன். என் பேச்சில் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவர் முகம் மாறிற்று. "அட, வச்சுக்கங்க தம்பி. தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"மெட்ராஸ்" என்றேன்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. பரிமாறியதில் ஒரு குறையும் இல்லை. முன்பைவிடக் கச்சிதமாகவே இருந்தது.

என் ஊர் அந்தக் கூடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி "யாரு வீடு?" என்பது. அதற்கும் பதில் சொன்னால், எங்கள் தாத்தா தவசிப்பிள்ளையாக இருந்தவர் என்பது மூன்றாவது வாக்கியத்தில் வந்துவிடும். பதினாறு வயதில் செட்டியார் ஒருவரின் கிட்டங்கியில் சமைப்பதற்காகக் கப்பலேறி, பர்மாவில் பெகு பக்கம் இருந்து, 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். அதைப் பற்றி அவர் பேசியதில்லை என்று அப்பா சொல்வார். பேசியதெல்லாம் சமையலைப் பற்றி மட்டும்.

வெட்கத்தினால் பொய் சொன்னேன் என்று முடித்துவிடலாம். அது சுலபமான பதில். அதில் ஒரு பகுதி உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சமயத்தில் எனக்கு ஏற்பட்டது வெட்கம் மட்டுமல்ல. சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்ற ஒரு சுகமும் கூட. பணம் கொடுத்த இடத்தில் ஊர் சொல்ல வேண்டியதில்லை. (பணம் என்னுடையதல்ல என்பது வேறு விஷயம்.) இந்தச் சுகம் என்ன ஜாதியைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாக ஒரு தப்படி வைப்பார்கள். விருந்தோம்பல் தமிழனின் பண்பு, அதை ஹோட்டல்காரன் விலைக்கு விற்கிறான், வணிகம் மனித உறவைக் கெடுத்துவிட்டது என்று ஆரம்பித்துவிடுவார்கள். வள்ளுவர் அதை ஒரு தனி அதிகாரமாக இல்லறவியலில் வைத்ததும், அனிச்சப்பூ உவமையும் உடனே வந்து நிற்கும். விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியத்தில் அது புதிய யாப்புக்குரிய பெயர். முன்பின் தெரியாமல் புதிதாக வருகிறவன்தான் விருந்து. இது அழகான கருத்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நடைமுறையில், திண்ணையில் உட்கார்ந்தவனிடம் ஊர் எது, யார் வீடு என்று கேட்காமல் எந்த வீட்டில் எந்த நூற்றாண்டில் இலை போட்டார்கள்? கேள்விக்குச் சரியான பதில் வந்தால் உள்ளே இலை. சுமாரான பதில் வந்தால் திண்ணையில். தப்பான பதில் வந்தால் கொல்லைப்புறம். புதியவன் பழையவனாக்கப்பட்ட பிறகே விருந்தாளியானான்.

விலையில்லாத விருந்து என்பதும் எனக்குச் சந்தேகமே. நம் விசேஷங்களில் வாசலில் ஒருவர் மொய் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். எழுதியதைத் திருப்பிச் செய்யாதவன் கதி என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கொடை என்பது திருப்பித் தரவேண்டிய கடமையைக் கூடவே சுமந்து வருகிறது என்று மார்ஸெல் மோஸ் 1925இல் பெரிய கட்டுரையாக எழுதி நிரூபித்தார். எங்கள் ஊர் மொய் எழுதுகிறவருக்கு அது முன்பே தெரியும். ஹோட்டல் பில்லுக்கும் மொய் நோட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றில் கணக்கு இருக்கிறது, மற்றதில் இல்லை என்பதல்ல. மொய்க் கணக்கு முடிவதில்லை. பில் முடிந்துவிடுகிறது. எங்கள் வங்கியில் கடனை முடித்துக்கொண்டு போகிறவர்களின் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். அதற்கு மேல் அவர்கள் எங்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு முடிவது ஒரு விடுதலை. பழைய விருந்தோம்பல் யாருக்கு என்றுமே இலை போடவில்லையோ, அவர்கள் முதன்முதலில் சமமாக உட்கார்ந்தது காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில்தான். அதுவும் சும்மா நடந்துவிடவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் "பிராமணாள்" என்ற ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லிப் பெரியார் இயக்கத்தினர் நாள் கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது. காசுக்கு ஜாதி இல்லை என்பதைக் காசே நிலைநாட்டவில்லை. என்றாலும் காசு கொடுத்தவனிடம் "யாரு வீடு?" என்று கேட்கக் கூடாது என்கிற நாகரிகம் நமக்கு ஹோட்டல் மூலமாக வந்தது. நான் மெட்ராஸ் என்று சொன்னபோது அந்த நாகரிகத்தின் நிழலில்தான் ஒதுங்கினேன்.

ஆனால் என்னிடம் கேட்டவர் என்னை எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானிப்பதற்காகக் கேட்கவில்லையே. நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். நிற்கிறவன் உட்கார்ந்திருப்பவனிடம் ஊர் கேட்பது வேறு காரியம். பழைய ஏற்பாட்டின் கொடுமைக்கு எதிராகக் கிடைத்த கேடயத்தை நான் ஒரு பரிமாறுகிறவருக்கு எதிராகப் பிடித்தேன். எனது பொய்யின் அசிங்கம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி அந்தத் தூண்களைப் பற்றி. 1852க்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஐராவதிக் கழிமுகம் உலகத்துக்கே நெல் விளைவிக்கும் வயலாயிற்று. காட்டை வெட்டி வயலாக்கியவன் பர்மியக் குடியானவன். அவனுக்குக் கடன் தந்தவர்கள் நம் நகரத்தார். முருகன் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். லாபத்தில் மகமை எடுத்து வைத்தார்கள். மூன்று வருஷக் கணக்குக்கு ஏஜண்டை அனுப்பினார்கள். அவர்களுடைய கணக்குத் திறமையும் நாணயமும் அபூர்வமானவை. நிலத்தைப் பிடுங்கும் நோக்கம் அவர்களுக்கு ஆரம்பத்தில் இல்லை என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வட்டி, வயலல்ல. 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் வயலாக மாறிற்று. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவிகிதம். 1938க்குள் 25 சதவிகிதம். யாரும் தனிப்பட்ட முறையில் கொடுமை செய்யத் தேவையில்லாமலே இது நடந்து முடிந்தது. 1948இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஊரில் வீடுகள் பூட்டப்பட்டன. தேக்குக் கதவுகளும் தூண்களும் விலைக்குப் போயின. தப்பியவை விடுதிகளாயின.

கான்ட் 1795இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதிய கட்டுரையில், அந்நியனுக்கு விருந்தாளியின் உரிமை கிடையாது, வந்து பார்த்துப் போகும் உரிமை மட்டுமே உண்டு என்கிறார். அதே இடத்தில், வந்து பார்ப்பதையும் பிடித்துக்கொள்வதையும் ஒன்றாக நினைத்த ஐரோப்பிய வியாபாரிகளைத் திட்டவும் செய்கிறார். நம் வியாபாரிகள் படையோடு போகவில்லை. முன்னால் போன படையின் பின்னால் பெட்டியோடு போனார்கள். அவர்களுக்குச் சமைக்க என் தாத்தா போனார்.

தாத்தா சொன்னதாக அப்பா சொன்ன ஒரு விஷயம் உண்டு. வட்டி கட்ட வருகிற பர்மியர்களுக்குக் கிட்டங்கியில் மோர் கொடுப்பார்களாம். வெயிலில் வந்தவன் பாயில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுக் கைநாட்டு வைப்பான். மோர் கலக்குவது தாத்தா வேலை. இஞ்சி தட்டிப் போடுவாராம். அவர்களுக்கு அது பிடிக்கும் என்று கண்டுபிடித்தது தாமே என்று அதில் அவருக்குப் பெருமை. வீட்டில் கடைசி வரைக்கும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த மோரில் கள்ளம் இருந்ததா? தாத்தாவிடம் இல்லை. ஏஜண்டிடம் கூட இருந்திருக்காது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காதவன் மனிதனா என்றுதான் அவரும் நினைத்திருப்பார். இருந்தாலும் மோரும் கைநாட்டும் ஒரே பாயில் நடந்தன.

இதை ஏதோ உயரமான இடத்தில் நின்று சொல்லவில்லை. எங்கள் கிளையில் என் மேஜை நகைக்கடன் மேஜை. எடைபோட்டு, கல் கழித்து, கிராமுக்கு இவ்வளவு என்று எழுதுகிறேன். வருகிறவர்களுக்கு நாற்காலி, மின்விசிறி, குடிக்கத் தண்ணீர் எல்லாம் உண்டு. அவர்களை வாடிக்கையாளர் என்றே குறிப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. தவணை தவறினால் ஏல நோட்டீஸ் தயாரிப்பதும் நான்தான். அதன் மூலையில் என் சுருக்கொப்பம். மாளிகைக்குப் போன வாரத்துக்கு முந்தைய வாரம் பதினேழு நோட்டீஸ் அனுப்பினேன். பர்மா வட்டியில் நின்ற தூணைப் பார்த்து நான் விடும் பெருமூச்சு எந்தச் சம்பளத்திலிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இங்கிலாந்தில் இந்தக் காரியம் நமக்கு முன்பே நடந்துவிட்டது. 1894இல் வந்த மரண வரி பெரிய குடும்பங்களை மெல்ல அரித்தது; நூற்றுக்கணக்கான கிராமத்து மாளிகைகள் இடிந்தன. 1974இல் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அந்த அழிவுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. மிஞ்சியவற்றில் சில விடுதிகளாயின. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் ஷாரோ பே என்ற வீட்டைப் பிரான்ஸிஸ் கோல்ஸன் 1940களின் இறுதியில் அப்படித் திறந்தபோது, பணம் கொடுத்தவர்களை வீட்டுக்கு வந்தவர்களைப் போல நடத்துவது என்ற பாவனை பெரும் வெற்றி பெற்றது. 1984இல் ரேமோன் பிளாங்க் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய மாளிகையில் திறந்த உணவு விடுதி அந்தப் பாவனையை ஒரு கலையாகவே ஆக்கிற்று. பிரபுக்கள் தங்கள் விருந்தாளிகளிடம் பணம் வாங்கவில்லை. வேறு யாரிடமோ வாங்கியிருந்தார்கள். 2020இல் பிரிட்டிஷ் நேஷனல் டிரஸ்ட் தன் வசமிருக்கும் இடங்களில் 93க்கு அடிமை வியாபாரத்தோடும் காலனியாதிக்கத்தோடும் இருந்த உறவை அறிக்கையாக வெளியிட்டபோது, வார இறுதியில் டீ குடிக்கப் போகிறவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் எங்களுக்கு 1814இல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' பாடம். அதில் மாளிகைக்காரரிடம் அடிமை வியாபாரத்தைப் பற்றிக் கேட்பவள் ஃபேனி, ஏழை உறவுக்காரப் பெண், அந்த வீட்டில் அண்டி வாழ்கிறவள். கேட்டதும் ஒரே மௌனம் என்று அவளே பிறகு நினைவுகூர்கிறாள். எங்கள் வகுப்பில் அந்த வரியை யாரும் நிறுத்திப் படிக்கவில்லை. எட்வர்ட் ஸெய்த் 1993இல் நிறுத்திப் படித்தார். எனக்கு இப்போது படுவது இது: அவளுக்குக் கேட்கத் தோன்றியது, அவள் அந்த வீட்டில் முழு விருந்தாளியும் அல்ல, வேலைக்காரியும் அல்ல என்பதால். அவள் கணக்கு முடியாத கணக்கு. பணம் கட்டித் தங்குகிறவனுக்கு அந்தக் கேள்வி எழாது. எழுந்தாலும் வரவேற்பறையில் வைத்திருக்கும் வழவழப்பான புத்தகத்தில் அதற்குப் பதில் அச்சாகியிருக்கும். சாதாரணமாக அச்சாகியிருப்பது தேக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்பது.

அப்படியானால் அங்கே போகாமல் இருப்பதுதான் தர்மமா என்று ஒரு கவிஞ நண்பர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. போகாமல் இருப்பதால் அந்தத் தூண்கள் காடாகிவிடாது. இடிந்து போவதைவிட நிற்பது நல்லது. நிற்பதனால் அந்த ஊரில் நாற்பது ஐம்பது பேருக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவர் தரும் நெய்ச்சோற்றைத் தள்ளிவிட்டு என் மனச்சாட்சியைக் காப்பாற்றிக்கொள்வதும் ஒரு மாளிகை வாசம்தான். போனவன் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதே என் பிரச்னை.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து பில் தோல் அட்டைக்குள் வந்தது. தொழில் பழக்கம், கண் தானாகப் போயிற்று. நண்பன் சட்டென்று உள்ளங்கையால் மூடினான். "நீ பாக்கக் கூடாதுடா" என்றான், சிரித்துக்கொண்டு. அந்த இரண்டு நாளில் நடந்ததிலேயே உண்மையான உபசாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. தொகையை மறைத்த அந்தக் கை. அதே சமயம், அவன் மறைத்ததால் நான் என்ன கடன்பட்டேன் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அவன் அடுத்த முறை வரும்போது என் இரண்டு அறை வாடகை வீட்டில் அவனுக்கு என்ன போடுவேன்? அவன் குழந்தைகள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காருவார்களா? மொய் நோட்டு ஒன்று என் மண்டைக்குள் திறந்துகொண்டது. இதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, பிரியமும் வந்தது.

அவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் மூன்றாங்கட்டுப் பக்கம் போனேன். வேண்டுமென்றுதான் போனேன். மணி மூன்றரை இருக்கும். பழைய அடுப்படிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, படியில், எவர்சில்வர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம்சாதம். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். தட்டைப் படியில் வைத்து, பிசைந்த கையை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏதாவது வேணுங்களா சார்?"

"ஒண்ணும் வேணாங்கய்யா. உக்காருங்க, சாப்பிடுங்க" என்றேன். உட்காரவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னேன். மெட்ராஸ் இல்லை, இந்த ஊர்தான், தாத்தா பர்மாவில் சமையல் பார்த்தவர் என்று வேகமாகச் சொல்லி முடித்தேன். தயார் பண்ணிக்கொண்டு போன வாக்கியம், கவுண்டரில் சொல்வதைப் போல வந்தது.

"அப்படீங்களா சார்" என்றார்.

கையில் சோறு காய ஆரம்பித்திருந்தது. நான் நிற்கும்வரை அவர் உட்காரப் போவதில்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "வரேங்க" என்றேன். அவர் இடது கையால் வழியைக் காட்டினார், அந்தப் பக்கம் படி ஒன்று உடைந்திருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று. வளவைத் தாண்டி முகப்புக்கு வந்தேன். கார் ஓடிக்கொண்டிருந்தது, பின்கதவை எனக்காகத் திறந்து வைத்திருந்தார்கள்.